மாமியார் உள்ளே வராத வழக்கு

நகரத்து நீதிபதி என் அம்மாவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னபோது அம்மா அந்த அறையின் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "எலூயிஸ் பிட்சிலி" என்று உள்ளிருந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் உள்ளே முன்வரிசையில் டெரிக் அத்தான் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை இருக்கும் அறைக்குள் அம்மா எப்படிப் போவாள்?

அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்களை வெளியே நவஹோ என்பார்கள். நாங்கள் எங்களை தினே என்போம். எங்களில் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் கெடும் என்று சொல்வார்கள். அம்மா அந்தக் காரணத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அது மரியாதை" என்பாள், அவ்வளவுதான். இப்போது நிறையப் பேர் இதை விட்டுவிட்டார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாமியார்களும் மாப்பிள்ளைகளும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அம்மா விடவில்லை.

வழக்கு ஒரு நீல நிறப் பிக்கப் வண்டியைப் பற்றியது. லியாண்ட்ரா அக்காவின் கல்யாணத்துக்கு டெரிக் அத்தான் வீட்டார், பெண் வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குதிரைகளுக்குப் பதிலாக அதைக் கொண்டுவந்தார்கள். அத்தானின் தாய்மாமன் சாவியை எங்கள் பெரிய மாமாவின் உள்ளங்கையில் வைத்து, "இது பெண்ணைப் பெத்தவங்களுக்கு" என்றார். அக்காவும் அத்தானும் கல்யாணச் சடங்குக் கூடையிலிருந்து சோளக்கூழ் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் அம்மா பின்னால் சமையல் கூடாரத்தில் இருந்தாள். துணி இடுக்கு வழியாக மாப்பிள்ளையைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்த்தாள். வண்டியின் பத்திரம் அத்தான் பெயரில் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குதிரைக்கு ஏது பத்திரம்?

எங்கள் வீட்டில் குழாய் இல்லை. ஊர்ச் சங்கக் கட்டிடத்தில் போய்த் தொட்டியில் நிரப்பிக்கொண்டு வந்தால்தான் எங்களுக்கும் ஆடுகளுக்கும் தண்ணீர். பிக்கப் வந்த பிறகு அதன் முதுகிலேயே தொட்டியைக் கட்டி வைத்துவிட்டோம். சனிக்கிழமைகளில் தொட்டியை இறக்கிவிட்டு நகரத்துச் சந்தைக்குப் போவோம். அங்கே அம்மா ஆட்டுக்கறிச் சாறும் பொரித்த ரொட்டியும் விற்பாள். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய பிறகு ரொட்டி தட்டுவது என் வேலை.

பிறகு அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒத்துவரவில்லை. அவர்கள் நகரத்தில் குடியிருந்தார்கள். அத்தான் கூரை போடும் வேலைக்குப் போனார். ஒருநாள் அக்கா இரண்டு பைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்தும் ஆனது. அதற்கப்புறம் அத்தான் வண்டியைத் திருப்பிக் கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சந்தையில், ரொட்டி வாங்குகிறவர்களின் வரிசையிலேயே நின்று வந்த ஒருவர், தன் முறை வந்ததும் ரொட்டி கேட்காமல் அம்மா கையில் வழக்குத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டார்.

அப்படித்தான் நாங்கள் நகரத்து நீதிமன்றத்துக்குப் போனோம். அம்மா நல்ல வெல்வெட் ரவிக்கை போட்டிருந்தாள். கதவுக்கண்ணாடி வழியாக அத்தானின் தோளைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி, தலையில் இருந்த துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வாசல் காவலர் நல்ல மனிதர். "அம்மா உங்களைத்தான் கூப்பிடறாங்க. உள்ள போங்க" என்றார்.

அம்மா என்னிடம் எங்கள் மொழியில் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். "அவர் வெளியே வந்ததும் அம்மா உள்ள போவாங்களாம்."

காவலர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு உங்க அம்மாவை அடிச்சானா? பயப்படறாங்களா? நான் கூடவே வந்து நிக்கட்டுமா?"

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மாப்பிள்ளை எதுக்கு என்னை அடிக்கப்போறார்? என்ன பேச்சு பேசறார் இந்த ஆளு! பயமில்ல, மரியாதைன்னு சொல்லு."

சொன்னேன். காவலர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதை இருந்தால் உள்ளேதானே போக வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்த்தரப்பு வரவில்லை, ஆகையால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

ஆனால் தினே நிலத்துக்குத் தனி நீதிமன்றமும் தனிப் போலீசும் உண்டு. நகரத்துப் போலீஸ் எங்கள் எல்லைக்குள் வந்து வண்டியை எடுத்துப்போக முடியாது. எங்கள் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டால்தான் எங்கள் போலீஸ் வந்து எடுக்கும். அதனால் அம்மா வண்டியோடு எல்லையைத் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். சந்தை போயிற்று. அத்தானின் வக்கீல் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டார். இங்கேயும் அது செல்லும் என்று சொல்லுங்கள், அமல்படுத்துங்கள் என்று மனு.

எங்களுக்காகப் பேச வில்ஃபர்ட் மாமா வந்தார். அவர் அம்மாவுடைய குலத்தில் பிறந்தவர். அதனால் எங்களுக்கு மாமா முறை. சட்டக் கல்லூரிக்குப் போனதில்லை, ஆனால் எங்கள் நீதிமன்றத்தில் வாதாடுவதற்கான தேர்வை எழுதித் தேறியவர். இரண்டாவது முயற்சியில் தேறினேன் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

விசாரணை நாள் காலையில் அந்த நீல வண்டியிலேயே போனோம். வேறு வண்டி இல்லை. வில்ஃபர்ட் மாமா வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"அக்கா, வழக்கு எந்த வண்டியைப் பத்தினதோ அந்த வண்டியிலயே வந்திருக்கியே. தோத்தா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்கு நடந்தா போவே?"

"நீ எதுக்கு இருக்கே? உன் முதுகுல ஏத்திக்கிட்டுப் போ" என்றாள் அம்மா.

"என் முதுகு ஏற்கெனவே என் பொண்டாட்டி பேர்ல பதிவாயிருக்கு."

அம்மா சிரித்துக்கொண்டிருக்கும்போதே சாலை வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு முறை, இடைவெளி விட்டு. அம்மா அந்தக் கணமே இருக்கையில் சாய்ந்து துணியை முகத்தில் போர்த்திக்கொண்டாள். நானும் யோசிக்காமல் அவளை மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். அக்கா கல்யாணம் ஆன நாளிலிருந்து அத்தான் எங்கள் வீட்டு மேட்டுக்கு வந்தால் இப்படித்தான் ஹாரன் அடிப்பார். அம்மா எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்விடுவாள். அது எங்களுக்குக் கதவு தட்டுகிற சத்தம் மாதிரி.

அத்தான் தன் நண்பரின் காரிலிருந்து இறங்கி, எங்கள் பக்கம் பார்க்காமல் கட்டிடத்துக்குள் போனார். அவர் போன பிறகு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

"மெலிஞ்சிருக்காரா?"

"நான் சரியா பாக்கலம்மா."

அம்மா வண்டியிலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி மாமா என்னை மட்டும் உள்ளே அழைத்துப்போனார். அக்கா வரவில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தால் நான் எதையாவது எடுத்து எறிவேன் என்று சொல்லி வீட்டில் ஆடுகளோடு இருந்துவிட்டாள்.

நீதிபதியின் பெயர் எத்சிட்டி. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. மேலங்கிக்கு வெளியே ஒரு நீலக்கல் மாலை. மாமா எழுந்து முதலில் தன் தாயின் குலத்தையும் தகப்பன் குலத்தையும் சொன்னார். நீதிபதியும் தன்னுடையதைச் சொன்னார். யாரும் தனக்கு நெருங்கிய முறையில்லை என்று உறுதியானதும் அத்தானின் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஹாலண்ட் வெளியூர்க்காரர். பல வருடங்களாக எங்கள் நீதிமன்றத்துக்கு வந்து போகிறவர்.

"எனக்குக் குலமில்லை அம்மா. அயோவாவில் பன்றி வளர்த்த குடும்பம்" என்றார்.

"பன்றிக் குலத்துக்கும் எனக்கும் உறவில்லை. இந்த வழக்கை நான் கேக்கலாம்" என்றார் நீதிபதி. எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு நீதிபதி தாளைக் கையில் எடுத்தார். "வெளிக் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தா நான் வழக்கை மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்கிறதில்ல. வண்டி யாருதுன்னு இன்னிக்கு நான் கேக்கப்போறதில்ல. மூணு விஷயம்தான் பார்ப்பேன். அந்தக் கோர்ட்டுக்கு இந்தம்மா மேல அதிகாரம் இருந்ததா? இந்தம்மாவுக்குப் பேச நியாயமான வாய்ப்பு கிடைச்சுதா? அந்தத் தீர்ப்பை இங்க நிறைவேத்தினா நம்ம முறைக்கு விரோதமா இருக்குமா? மிஸ்டர் ஹாலண்ட், பேசுங்க."

ஹாலண்ட் நன்றாகத்தான் பேசினார்.  வண்டி வாங்கியது நகரத்தில். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே வியாபாரம் செய்தவர். தாளை அங்கேயே அவர் கையில் கொடுத்தார்கள். தேதி தெரிந்து கட்டிடம் வரைக்கும் வந்திருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. அவரை யாரும் தடுக்கவில்லை.

"வழக்கத்தைப் பத்தி இவங்க சொல்வாங்க" என்றார். "அதை நான் மதிக்கிறேன். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, விவாகரத்து ஆயிடுச்சு. மகளுக்குப் புருஷன் இல்லாதவர் அம்மாவுக்கு எப்படி மாப்பிள்ளை? ரெண்டு, என் கட்சிக்காரர் இந்தக் காலத்துப் பையன். நகரத்துல வாழ்றவர். அவர் இந்த வழக்கத்தைப் பின்பத்தறதில்ல. ஒருத்தர் மட்டும் வெச்சிருக்கிற வழக்கத்துக்காக இன்னொருத்தர் ஏன் தோக்கணும்?"

மாமா எழுந்தார். தொண்டையைச் செருமினார். "அம்மா, வழக்கம்கிறது... வந்து... கால்பந்தாட்டத்தை எடுத்துக்குங்க" என்று ஆரம்பித்து, ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியே நிற்பது பற்றி நெடுநேரம் பேசினார். அம்மா எந்த அணி, கோடு எது என்று அவருக்கே குழம்பிவிட்டது.

நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். "வில்ஃபர்ட், எங்க வீட்டுல என் அம்மாவும் என் வீட்டுக்காரரும் ஒரே சோபாவுல உக்காந்து கால்பந்தாட்டம் பாக்கறாங்க. ஒரே கிண்ணத்துல சோளப்பொரி. எங்க வீட்டுல இந்த வழக்கம் இல்ல. அதனால எல்லாருக்கும் உண்டுன்னு நான் சொல்ல முடியாது. இந்தம்மாவுக்கு உண்டாங்கிறதுதான் கேள்வி. அன்னிக்கு அவங்க கூட யார் இருந்தா?"

மாமா என்னைக் காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு எழுத்து மறைந்துவிடும். இங்கே மைக்குக்கு எட்டத்திலேயே போய் நின்றேன். நீதிபதி, "மைக்குகிட்ட வந்து பேசும்மா. அது கடிக்காது" என்றார். நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்றது, காவலர் அடித்தானா என்று கேட்டது, பயமில்லை மரியாதை என்று அம்மா சொன்னது.

ஹாலண்ட் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். "அன்னிக்கு விவாகரத்து முடிஞ்சிருந்தது, இல்லியா? உங்க அம்மாவுக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறமும் ஏன் மாப்பிள்ளைன்னு நினைச்சாங்க?"

 அம்மாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். "காலையில அத்தான் ஹாரன் அடிச்சப்பவும் அம்மா முகத்தை மூடிக்கிட்டாங்க."

ஹாலண்ட் உட்காரப் போனார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன ஹாரன்?"

"அத்தான் வந்தா அடிப்பார். ரெண்டு தடவை. அம்மா மறைஞ்சுக்கறதுக்கு."

"இன்னிக்கும் அடிச்சாரா? இங்கயா?"

"ஆமா. வளைவுல."

"நான் என் அறையில கேட்டேன். யாரோ நாயை விரட்டறாங்கன்னு நினைச்சேன்." நீதிபதி அத்தான் பக்கம் திரும்பினார். இதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் எங்கள் மொழிக்கு மாறினார். "தம்பி, நீ இந்த வழக்கத்தைப் பின்பத்தறதில்லன்னு உன் வக்கீல் சொல்றார். காலையில யாருக்காக ஹாரன் அடிச்சே?"

அத்தான் எழுந்து நின்றார். தொப்பி மடியிலிருந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"பழக்கம்மா. நீல வண்டியைப் பார்த்தேன். கை தானா போச்சு."

"சரி. நகரத்துல அன்னிக்கு அவங்க பேரைக் கூப்பிட்டாங்க. நீ உள்ள இருந்தே. அவங்க எங்க இருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

ஹாலண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு மொழி பாதிதான் புரிந்திருக்க வேண்டும். அத்தான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல.

"தெரியும். அவங்க இருமினது கேட்டுச்சு, அந்த இருமல் எனக்குத் தெரியும். கதவுக்கு வெளிய இருந்தாங்க."

"ஏன் உள்ள வரலன்னும் தெரியும்."

"தெரியும்."

"அந்த நீதிபதிகிட்ட ஏன் சொல்லல?"

அத்தான் குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.  "எப்படிம்மா சொல்றது?" என்றார். "பெரிய அறை. எனக்குப் பின்னால வேற வேற வழக்குக்காரங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. என் மாமியார் என் முகத்தைப் பாக்க மாட்டாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க. அவங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. என்னைப் பார்த்தும். சும்மா இருந்துட்டேன். சும்மா இருந்ததும் ஜெயிச்சிட்டேன். அப்புறம் அது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் வண்டி வேணும். கூரை வேலைக்கு இன்னொருத்தன் வண்டியில தொத்திக்கிட்டுப் போறேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அத்தானை எனக்குப் பிடிக்கும். அதை அக்காவிடம் சொல்ல முடியாது.

நீதிபதி உள்ளே எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நான் வெளிக் கோர்ட்டுத் தீர்ப்புகளை வழக்கமா ஏத்துக்கறவ. நம்ம ஆளுங்க அதைச் சொல்லி என்னைத் திட்டறதும் உண்டு. ஆனா நாளைக்கு நான் எழுதற தீர்ப்பும் இந்த எல்லையைத் தாண்டிப் போகணும். அங்க ஒரு நீதிபதி அதைக் கையில எடுத்துப் பார்த்து, இவங்களும் நியாயமாத்தான் கேட்டிருக்காங்கன்னு நம்பணும். நாம அவங்களை மதிக்கலன்னா அவங்க நம்மளை ஏன் மதிக்கணும்? அதனால முடியாதுன்னு சொல்றது எனக்குச் சின்ன விஷயமில்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அந்த நீதிபதி மேல நான் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. காலி நாற்காலியைப் பார்த்தார், ஆள் வரலன்னு எழுதினார். நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனா தெரிஞ்ச ஒருத்தர் அந்த அறையில இருந்தார். அவர் வாயைத் திறந்திருந்தா, ஒருத்தர் வெளிய போக இன்னொருத்தர் உள்ள வந்து பேசியிருக்கலாம். விஷயம் அவ்வளவுதான். விவாகரத்துக்கு அப்புறம் மாமியார் முறை போயிடுமான்னு மிஸ்டர் ஹாலண்ட் கேட்டார். சில குடும்பத்துல போகும், சிலதுல போகாது. இந்தக் குடும்பத்துல போகல. இன்னிக்குக் காலையில ஹாரன் அடிச்சவருக்கும் போகல, முகத்தை மூடினவங்களுக்கும் போகல. நம்ம மரியாதையைக் காப்பாத்தினதுக்காக ஒருத்தர் பேச வாய்ப்பு இழந்த தீர்ப்பை நானே இங்க நிறைவேத்தினா, வெளிய நின்னவங்க வரவே இல்லன்னு நானும் சொன்னதா ஆயிடும். அதை நான் சொல்ல மாட்டேன். இந்தத் தீர்ப்பை ஏத்துக்கல. வண்டி வேணும்னா இங்க புதுசா வழக்குப் போடு தம்பி. இந்த அறைக்கு ரெண்டு கதவு இருக்கு. ஒருத்தரா வந்து பேசலாம்."

மாமா என் கையைப் பிடித்து உலுக்கினார். "கால்பந்தாட்டம் சொன்னேனே, அதான் திருப்பிடுச்சு" என்று காதில் சொன்னார்.

வெளியே வந்தபோது அத்தான் சுவர் ஓரமாக, எங்கள் வண்டிக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மெல்வினா, உங்க அம்மாகிட்ட சொல்லு. நான் புது வழக்குப் போடல."

"ஏன் அத்தான்?"

"போட்டா எங்க மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. சாவியைக் குடுத்தப்ப அவர் என்ன சொன்னார்னு கேப்பாங்க. அவருக்குப் பொய் வராது." சிரிக்கப் பார்த்தார். "பத்திரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். பின் சக்கரம் தேஞ்சிருக்கு, மழைக்கு முன்னால மாத்தச் சொல்லு."

"அக்காவுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்து இழுத்துவிட்டார். "ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

நான் வண்டிக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றதற்குச் சந்தோஷப்படவில்லை. நீதிபதி விவாகரத்தைப் பற்றிச் சொன்ன இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்ப அவர் எனக்கு இன்னும் மாப்பிள்ளைதான்" என்றாள் அம்மா. "கோர்ட்டே சொல்லியாச்சு."

வழியில் ஊர்ச் சங்கத்தில் தொட்டியை நிரப்பினோம். அம்மா சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். தேய்ந்துதான் இருந்தது.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வண்டி திரும்பி வந்ததைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். "தோத்தானா அந்த நாய்? மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லுடி!"

"லியாண்ட்ரா" என்றாள் அம்மா. "இனிமே என் காதுபட அவரைத் திட்டாதே."

"என்னது?"

"உனக்கு அவர் புருஷன் இல்ல. எனக்கு மாப்பிள்ளை. அதைச் சொல்லித்தான் இந்த வண்டி வீட்டுக்கு வந்திருக்கு. மாப்பிள்ளையை நாய்னு சொல்றதை நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

அக்கா அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது விளக்குவேன் என்பது போல. "நான் விட்டுட்டு வந்தவன் உனக்கு மட்டும் மாப்பிள்ளையா? நாளைக்கு நான் வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டா?"

"அவருக்கும் ஒளிஞ்சுக்குவேன்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தா?"

"வீட்டைச் சுத்தி ஓடுவேன். என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "நீ யார் பக்கம்மா?" என்றாள்.  "அவன் என்ன பண்ணினான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அவர் நல்லவர்னு நான் சொல்லலையே. திட்டாதேன்னுதான் சொன்னேன். உனக்குத் திட்டணும்னா பட்டிக்குப் போய் ஆடுங்ககிட்ட திட்டு. நான் இங்கயே இருக்கேன், வர மாட்டேன்."

 அக்கா வண்டிக் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னலை ஏற்றிவிட்டாள். உள்ளே அவள் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

நான் தொட்டியின் குழாயை எடுத்துப் பீப்பாயில் போட்டேன். தண்ணீர் விழத் தொடங்கியதும் ஆடுகள் வேலியோரம் கூடி நெருக்கியடித்தன. அக்காவைக் கூப்பிடட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"விடு" என்றாள் அம்மா. "உக்காரட்டும். அது அவளுக்காக வந்த வண்டி."